கிளப்புக்கு வந்த கொள்ளுத்தாத்தா

நேற்று முளைத்த காளானுக்கும் நூற்றாண்டு விழா எடுக்கிற மனிதர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஊருக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். காரைக்காலுக்கு வாய்த்தவர் சோமசேகரன். ஓய்வுபெற்ற அதிகாரி, திருவேட்டக்குடிக் கடலோரத்து கோல்ஃப் கிளப்பின் செயலாளர், அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பை யாரும் கேட்காமலே தலையில் போட்டுக்கொண்டவர்.

கிளப்புக்கு இன்னும் ஓட்டுப்போடும் வயதுகூட ஆகவில்லை. கருவாடு காய்ந்த மணல்மேட்டை வாங்கிப் புல் பதித்தார்கள், அவ்வளவுதான் வரலாறு. இதை எழுதினால் எவன் மதிப்பான்? ஆகவே முதல் அத்தியாயத்தில் ஒரு பிரெஞ்சுத் துரை வந்தார். அடுத்ததில் அவருக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த சோமசேகரனின் கொள்ளுத்தாத்தா வந்தார், பூவம் கிராமத்தில் மண்வெட்டி தவிர வேறெதையும் பிடித்தறியாத மனுஷர். அதற்கும் அடுத்ததில், பக்தி சேராமல் பெருமை ருசிக்காதே என்று, மாசி மகத்துக்குக் கடலாடப் போகும் சாமியை அவர் வருஷா வருஷம் இதே இடத்தில் இறக்கிவைத்து, மண்டகப்படி நடத்தி, ஊருக்கே சோறு போட்டதாக ஒரு போடு போட்டார் சோமசேகரன்.

"சாமி விஷயத்துல புளுகாதீங்க" என்றாள் மனைவி கமலாம்பாள். வரலாறு அவளுக்குப் புரியாதாம்.

அந்தப் புல்தரையோ அவருக்கு உயிர். அதில் ஒரு செருப்புக்கால் பட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. புத்தகம் வந்ததும் பெருமை தாங்காமல் மீனவர் பஞ்சாயத்துக்கும் ஒன்று அனுப்பிவைத்தார். சும்மா கிடந்த சங்கை ஊதியாயிற்று.

மாசி மகத்தன்று கடலுக்குப் போக வேண்டிய மேளச் சத்தம் கிளப் பக்கம் திரும்பியது. முன்னால் பல்லக்கு, பின்னால் ஊரே. பஞ்சாயத்துத் தலைவர் சிங்காரவேலு மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"ஒங்க குடும்பத்து மண்டகப்படின்னு தெரியாமப் போச்சுங்க. சாமிய எங்க எறக்கலாம், சொல்லுங்க."

சோமசேகரன் புல்லைப் பார்த்தார், பல்லக்கைப் பார்த்தார். பொய் என்று சொன்னால் கொள்ளுத்தாத்தா போவார். சொல்லாவிட்டால் புல் போகும்.

"வாங்க, வாங்க" என்றது வாய்.

கிளப் உறுப்பினர்களின் விருந்துக்கு வாங்கிவைத்திருந்த பாஸ்மதி அரிசி புளியோதரையானது. ஊர் சாப்பிட்டுக் கைகழுவி எழுந்த இடத்தில் புல் இல்லை, சேறு இருந்தது. அடுத்த வருஷமும் தவறாமல் வந்துவிடுவதாகச் சிங்காரவேலு பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன முகூர்த்தத்தில் சம்பந்தி வீட்டாரிடம், எங்கள் பாட்டனார் வந்தவருக்கெல்லாம் இலை போட்டவர் என்று அளந்தது யார்? வாசலில் மேளம் கேட்பதற்குள் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள்.