பிளக்கைப் பிடித்த லூர்துராஜ்

லூர்துராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீரச்செயல் செய்தான். ரோஸ்லின் எழுந்திருப்பதற்குள் கொல்லைக்குப் போய், பைக்கின் டேங்குக்கு அடியில் கையை விட்டு, பிளக்குக்குக் கரண்டு கொடுக்கும் காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டான்.

அதுவும் யார்? கரண்டு என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற லூர்துராஜ். ஃபேன் சுவிட்சை மூங்கில் குச்சியால்தான் தட்டுவான். வீட்டுக்குள்ளேயும் ரப்பர் செருப்பு. பல்பு ஃபியூஸ் போனால் மாற்றுவது ரோஸ்லின். அது முடியும்வரை இவன் வாசலில் நின்று வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிடுவான்.

அப்பேர்ப்பட்டவன் ஒயரில் கை வைத்தான் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னால் நின்று தள்ளியது என்று அர்த்தம். அந்தப் பயத்துக்குப் பெயர் குவைத்.

ரோஸ்லின் மாயவரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்குத் தஞ்சாவூரில் குவைத்துக்கு நர்ஸ் எடுக்கிறார்கள். துணைக்கு லூர்துராஜையும் கூட்டிக்கொண்டு மாயவரம் போய்க் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். ஊருக்குள் பஸ் வருவது உச்சிவேளைக்குத்தான். பைக் கிளம்பாவிட்டால் ரயில் இல்லை. ரயில் இல்லாவிட்டால் குவைத் இல்லை. லூர்துராஜின் கணக்கு அவ்வளவுதான்.

கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்து, வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம் அது. எதிர்வீட்டுச் சாமிதுரை சவூதியிலிருந்து திரும்பி வந்தபோது, பெற்ற மகளே "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடினாள். அதைப் பார்த்ததிலிருந்து லூர்துராஜுக்குத் தூக்கம் போயிற்று. போகிறவள் திரும்பி வந்து, 'நீங்க யாரு?' என்று கேட்டுவிட்டால்? அவள் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று தோன்றியது. இதை அவளிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாளோ என்று அதற்கும் ஒரு பயம்.

ரோஸ்லின் கஞ்சி போட்ட சேலையில் வந்து நின்றாள். லூர்துராஜ் சாவியைத் திருப்பி உதைத்தான். மறுபடியும் உதைத்தான். வண்டி இருமக்கூட இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"பெட்ரோல் தீந்துபோச்சு."

"டேங்கை ஆட்டுங்க. கேக்குதே சத்தம்!"

"அப்ப பிளக்கு." கழற்றினான். உப்புத்தாளில் தேய்த்தான். ஊதினான். மாட்டி உதைத்தான்.

"இப்ப?"

"பாயிண்ட் போயிருக்கும். இல்லாட்டி காயில். மீரா உசேன் பாய் வந்து பார்த்தாத்தான் தெரியும். அவரும் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிட்டு நாகூர் போயிட்டாரு."

"வண்டி இப்பத்தானே கெட்டுப்போச்சு. அவர் ஊர்ல இல்லேன்னு எப்ப விசாரிச்சீங்க?"

லூர்துராஜ் உப்புத்தாளை மடித்துப் பையில் போட்டான். "போற போக்குல... காதுல விழுந்துச்சு."

ரோஸ்லின் அவனை மேலும் கீழும் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று சொல்லாத நோயாளியை ஆஸ்பத்திரியில் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"பாய் பண்ணுவாரே, அதையே பண்ணிப் பார்ப்போம். பிளக்கைக் கழட்டி, ஒயரோட இன்ஜின் மேல வெச்சு அழுத்தினா பொறி பறக்கும். நான் உதைக்கிறேன். நீங்க பிடிங்க."

"கையாலயா?"

"பின்னே? காலாலயா?"

லூர்துராஜ் ஓர் அடி பின்னால் வைத்தான். அப்புறம்தான் நினைவு வந்தது. ஒயர்தான் கழன்று கிடக்கிறதே! செத்த பாம்பு. அடிக்க இதைவிட நல்ல பாம்பு கிடைக்குமா? லூர்துராஜ் செருப்பை உதறினான். ராத்திரி மழையில் ஊறிய மண்ணில் வெறுங்காலோடு நின்று பிளக்கைக் கழற்றி இறுகப் பிடித்தான்.

"உதை ரோஸ்லின்! புருஷன்னா யாருன்னு பாரு!"

ரோஸ்லின் கிக்கரில் காலை வைத்தாள். உதைக்கவில்லை.

"ஏங்க, ஃபேனை எதால போடுவீங்க?"

"குச்சியால."

"டார்ச் லைட்டுக்குப் பேட்டரி போடுறது யாரு?"

"நீதான்."

"டார்ச் பேட்டரியைத் தொடாத மனுஷன், ஈர மண்ணுல நின்னு பிளக்கைப் பிடிக்கிறீங்க. கரண்டு வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லூர்துராஜ் பிளக்கை மெல்லக் கீழே விட்டான்.

"எந்த ஒயருங்க?"

விரல் தானாக டேங்குக்கு அடியைக் காட்டியது. அவள் குனிந்து, ஒயரைத் தேடிப் பிடித்து மாட்டினாள்.

"ம், இப்பப் பிடிங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவன் வைக்கோல்போருக்குப் பின்னால் இருந்தான்.

"சரியாத்தான் மாட்டியிருக்கேன்" என்றாள் ரோஸ்லின். உதைத்துப் பார்க்கவே இல்லை.

போருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "போகாதே ரோஸ்லின். நீ இல்லாம இருக்க எனக்குப் பயமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. பிளக்கை முடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு மட்டும் பயமில்லையா? வீட்டுக்காரருக்கும் அதே ஆஸ்பத்திரியில வேலை போட்டாத்தான் வருவேன்னு குவைத்துக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட்கிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. இன்னைக்கு உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. தஞ்சாவூர் போய்ச் சேர்ந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

லூர்துராஜ் வைக்கோலோடு ஓடி வந்தான். ஒரே உதை. வண்டி உறுமிற்று. வாய்க்கால் மதகு தாண்டும்வரை சந்தோஷத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே போனான். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"அங்க எனக்கு என்ன வேலை?"

ரோஸ்லின் அவன் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

"எலக்ட்ரீஷியன். உங்களால முடியுமான்னு சந்தேகமாத்தான் இருந்துச்சு. யாரும் சொல்லாமலே சரியான ஒயரைக் கழட்டியிருக்கீங்களே, பொழைச்சுக்குவீங்க."