டிரைவர் தேடிய டிரைவர்

ஸ்டீயரிங்கை ஒருமுறைகூடத் தொடாமல் தெரு முழுக்க ‘டிரைவர்’ என்று பெயரெடுத்த மனிதர், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் குடியிருந்த பாக்கியம் எனக்கு. கோவில்பட்டிக்காரர். சார்ஜர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

பெயர்க்காரணம் அவர் வாங்கிய லேப்டாப். டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிது. அந்தக் காலத்தில் மலிவு விலையில் வந்த குட்டி ரகம். பாட்டு பாடும், படம் காட்டும், மெயில் திறக்கும். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. அந்த ஒழுங்கு மனிதருக்குப் பொறுக்கவில்லை.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, தன்னுடைய விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் என்று ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்து வைத்திருந்தது. மற்ற மெஷின்களில் அது ஓடாது, ஓடக்கூடாது என்பது கம்பெனியின் கொள்கை. ஓட வைத்தே தீருவது என்பது டிரைவரின் கொள்கை. முதல் வேலையாக பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டிக்கர் கடைக்குப் போய், அந்தக் கம்பெனியின் சின்னத்தை வெட்டி வாங்கி மூடியில் ஒட்டினார். கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. அதனால் என்ன? கம்பெனி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து சூப்பர்வைசரே நகர்ந்து உட்கார்ந்தார்.

சின்னம் ஒட்டிக்கொண்டது. சிஸ்டம்தான் ஒட்டவில்லை. கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர், கேமரா என்று ஒவ்வொரு உறுப்பையும் இயக்க ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். பொருந்தாத மெஷினில் அது எதுவும் தானாக வராது. தேடித் தேடிப் போட வேண்டும். ஸ்பீக்கர் டிரைவர் கிடைத்தால், இன்டர்நெட்டுக்குச் செருகிய டேட்டா கார்டு செத்துவிடும். டேட்டா கார்டு பிழைத்தால் திரை கறுத்துவிடும். ஷிப்டு முடிந்து வந்தவுடன், “தம்பி, டிரைவர் கெடைக்கல தம்பி” என்பார். நாலு வீட்டுக்குக் கேட்கும். மெஸ்காரர், டீக்கடைக்காரர், எங்கள் ஹவுஸ் ஓனர் ஏழுமலை எல்லோரும் அந்தப் புலம்பலையே பெயராக்கிவிட்டார்கள்.

இந்த நிலையில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். அதே கோவில்பட்டி, பெயர் மாரீஸ்வரி. பெண்ணின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பையனைப் பார்ப்பதாகவும், அதே நேரம் பெண் ஊரில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வீடியோவில் பேசுவதாகவும் ஏற்பாடு. யாருடைய கிரகமோ, அந்த வாரம் சத்தமும் வந்தது, கேமராவும் வந்தது. சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது கெஞ்சினேன்.

“டிரைவரே, நாளைக்கு வரைக்கும் அதைத் தொடாதீங்க.”

“சே, தொடுவனா தம்பி?”

நான் திரும்பி வந்தபோது லேப்டாப்பின் வயிறு திறந்து கிடந்தது. “புது வெர்ஷன் வந்துருக்கு தம்பி” என்றார், குழந்தை பிறந்த சேதி சொல்பவர் போல.

ஞாயிறு காலை பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, கையில் சேவுப் பொட்டலம். வாசலில் ஏழுமலையிடம் விசாரித்தது மாடி வரை கேட்டது.

“யாரு, டிரைவரா? மேலதான் கீறாரு, போங்க. நேத்துலேர்ந்து டிரைவர் கெடைக்கலன்னு சோறு துன்னாம குந்திகினு கீறாரு.”

“எங்ககிட்ட டெக்னீசியன்னுல்லா சொன்னாக!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். தங்கமான புள்ள. ஆனா அவரு வண்டிய மட்டும் நான் பாத்ததே இல்ல.”

பெரியவர் கலங்கிப்போய் மேலே வந்தார். டிரைவர் பல்லிடுக்கில் ஒரு ஸ்க்ரூவோடு எழுந்து கும்பிட்டார். பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி என்ன வண்டி ஓட்டுதிய?”

எதில் வேலைக்குப் போகிறாய் என்று கேட்பதாக இவர் நினைத்துக்கொண்டார். “கம்பெனி பஸ்ஸுதான் மாமா.”

“பஸ்ஸா!”

“ஆமா மாமா. முன் சீட்டுதான். உக்காந்தா நேரா ஒரகடம்.”

நான் குறுக்கே விழுந்து விளக்கியிருக்காவிட்டால் அந்தச் சேவுப் பொட்டலம் வந்த வழியே திரும்பியிருக்கும். பெரியவர் பாதி நம்பினார். மீதியை லேப்டாப் நிரூபிக்க வேண்டியிருந்தது.

வீடியோவில் கோவில்பட்டி வந்தது. திரையில் அந்தப் பெண் தெளிவாகத் தெரிந்தாள். பேசினாள், வாய் மட்டும் அசைந்தது. சத்தத்தின் டிரைவர் போயிருந்தது. பெரியவர் தன் செல்போனில் மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, அவுக ஏன் தலைகீழா நிக்காக?”

“இங்க நேராத்தாம்மா இருக்காரு!”

கேமரா படத்தைக் கவிழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. டிரைவர் சளைக்கவில்லை, லேப்டாப்பையே கவிழ்த்துப் பிடித்தார். அங்கே அவர் நேரானார். இங்கே பெண் தலைகீழானாள். அவளைப் பார்க்க இவர் கழுத்தைத் திருப்ப, அங்கே மறுபடி கோணலானார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“அது வாங்கும்போதே இப்படித்தானா?” என்றது செல்போன்.

“இல்லங்க. நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் மாத்துனேன்.”

“நல்லா இருந்தத எதுக்கு மாத்துனிய?”

நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒருநாளும் தோன்றியதில்லை. டிரைவர் லேப்டாப்பை மெல்லக் கட்டிலில் வைத்தார்.

“லைன்ல பூராவும் ஒரே ஸ்க்ரூங்க. எந்தக் கையில எடுக்கணும், எத்தன சுத்து சுத்தணும், எல்லாம் எழுதி எதுத்தாப்புல ஒட்டியிருக்கும். நானா ஒண்ணு மாத்துனா மெமோ குடுப்பாக. இது மட்டுந்தாங்க எனக்கு… இதுல ஓடாதுன்னு யாரோ சொல்லிட்டான். ஓடுமான்னு நானே பாத்துக்கலாம்லா?”

செல்போனில் பிரவுசிங் சென்டரின் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, சம்பந்தம் முறிந்தது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

“சத்தம் எப்ப வரும்?” என்றாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துரும்ங்க.”

“சரி. அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன்.”

பெரியவர் என்னைப் பார்த்தார். “தம்பி, இது சரின்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?”

அடுத்த ஞாயிறு சத்தம் வந்தது, கேமரா போய்விட்டது. அந்தப் பெண் அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். பிறகு வைகாசியில் கல்யாணம். பத்திரிகையில் மாப்பிள்ளை டெக்னீசியன் என்று படித்த ஏழுமலை, “அப்போ டிரைவர் இல்லியா இவுரு? இத்தினி நாளா இன்னாத்துக்குப்பா அப்டி கூப்ட்டுகினு இருந்தோம்?” என்று என்னைக் கேட்டார்.

டிரைவர் பிள்ளைப்பாக்கத்தில் வீடு பிடித்துக் குடிபோனார். அவர் போன அடுத்த மாதம் நானும் ஒரு லேப்டாப் வாங்கினேன். போட்டவுடன் எல்லாம் ஓடியது. எதையும் யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதன் முன் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, பிள்ளைப்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.