ஒரிஜினல் பொறாமை

ஞாயிற்றுக்கிழமை மலையில் பல் டாக்டரின் ஜீப்புக்கு முன்னால் தன் ஜீப்தான் ஏறும் என்று இன்சூரன்ஸ் சர்வேயர் சபதம் எடுத்தபோது, அவருடைய ஜீப் செங்கல் அடுக்குகளின் மேல் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தது. சபதத்துக்குச் சக்கரம் தேவையில்லை. பொறாமை போதும்.

பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு ஜீப்பும் ஒரே மாடல், ஒரே கிழட்டு வயது, ஒரே பச்சை. ஆனால் சர்வேயரின் ஜீப் கிளம்பினால் தெருவே இருமும். பல் டாக்டருடையது தொண்டையைச் செருமிக்கொண்டு மரியாதையாகக் கிளம்பும். அதைக்கூடச் சர்வேயர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டே மனைவி, "எவ்வளவு பதமா நிறுத்துறார் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை.

அந்த வாரமே பல் டாக்டர் வாசலில் ஒரு பார்சல் இறங்கியது. உள்ளே பிரேக் ஹோஸ், அதாவது பிரேக்குக்கான ரப்பர் குழாய், என்று தெரிந்தது. எந்தக் கடை, என்ன தரம், தெரியாது. தன் வாசலிலும் ஒன்று இறங்கியாக வேண்டும், அவ்வளவுதான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ளலாம். இங்கே ஒரு பூனை இன்னொரு பூனையைப் பார்த்துப் போட்டுக்கொண்டது. எது சீக்கிரம் வருமோ அதை வரவழைத்தார். பெட்டியின் மேல் 'ஒரிஜினலுக்கு நிகர்' என்று பொன் எழுத்து. திறந்தால் மழையில் நனைந்த ரப்பர் செருப்பின் வாசனை.

மாட்டினார். தெருக்கோடிவரை போய்த் திரும்பினார். வாசலில் பிரேக்கை மிதித்தார். கால் போனது. போய்க்கொண்டே இருந்தது. ஜீப்பும் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் டிரம் அதைத் தடுத்து நிறுத்தியது.

"டிரம்மை யாரு இங்க வச்சது?"

"நாம குடி வந்த நாள்லேர்ந்து அங்கதான் இருக்கு" என்றாள் மனைவி.

"பெடல் புதுசு. பழகணும்."

"டிரம்முக்கா?"

அவள் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தாள். "இன்னொரு தடவை மிதிங்க." மிதித்தார். சக்கரத்துக்கு எண்ணெய் கொண்டு போகும் அந்தச் சின்னக் குழாய் தவளைத் தொண்டை மாதிரி உப்பியது. காலை எடுத்ததும் அடங்கியது.

"நீங்க மிதிக்கிற மிதியெல்லாம் இது ஊதறதுக்கே போயிடுதுங்க. சக்கரத்துக்கு என்ன மிச்சம்?"

"ரப்பர்னா கொஞ்சம் இளகத்தான் செய்யும்."

"இந்த மாதிரி மட்டமான சாமான் மாட்டி ஒருத்தர் மலையில உருண்டுட்டு உங்க ஆபீசுக்கு வந்தா என்ன எழுதுவீங்க?"

"தரமற்ற உதிரிபாகம். இழப்பீடு கிடையாது" என்றார், தொழில் பெருமையோடு. சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

"பின்சீட்டுல நம்ம பொண்ணு உட்காரப் போறா."

"எல்லாம் எனக்குத் தெரியும்!"

தெரியும்தான். ஆனால் 'ஜெர்மன் தரம் சார்' என்று பல் டாக்டரிடம் மதில் மேலே சாய்ந்துகொண்டு அளந்தாகிவிட்டது. இப்போது கழற்றினால் அந்த மனிதர் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவார். ஊர்ப் பல்லையெல்லாம் பார்ப்பவர் தன் பல்லைக் காட்டச் சர்வேயர் இடம் கொடுக்கமாட்டார்.

மனைவி அதற்குமேல் வாதாடவில்லை. மறுநாள் தட்டை எடுத்து வைத்தபடியே, காற்றோடு பேசுவதுபோல் சொன்னாள்.

"பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. அவர் கம்பெனி ஒரிஜினல் ஹோஸே வாங்கி மாட்டிட்டாராம்."

அவர் வாயருகே போன கை அப்படியே நின்றது. "எப்போ?"

"எனக்கென்ன தெரியும்? உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? நமக்குத்தான் ஜெர்மன் தரம் இருக்கே."

"நாலு சக்கரத்துக்குமா?"

"நாலுக்கும். அக்காவுக்கு ஒரே பெருமை."

சர்வேயர் லீவு போட்டார். மாமனாருக்கு ஆபரேஷன் நடந்தபோது கிடைக்காத லீவு. பஸ் மாறி, நகரத்துக் கம்பெனிக் கடையில் வரிசையில் நின்று, ஒரிஜினல் ஹோஸ்களைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒர்க்‌ஷாப்பில் மாட்டி, குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றியதும் ஜீப் மிதித்த இடத்தில் நின்றது. டிரம்முக்கு உயிர் வந்தது. மட்டச் சரக்கு குப்பைக்குப் போனது.

"மாத்திட்டீங்களா?" என்றாள் மனைவி, ஆச்சரியத்தோடு.

"எனக்கே தோணிச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் இரண்டு ஜீப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மனைவிமார் இருவரும் ஒரு பாறையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரைக் காணோம். நல்ல சமயம். நிஜமாகவே ஒரிஜினலா என்று பார்த்துவிடலாம். சர்வேயர் சத்தமில்லாமல் மல்லாந்து, அந்த ஜீப்புக்கு அடியில் ஊர்ந்தார்.

ஒரிஜினல்தான். கம்பெனி முத்திரையில் தூசிகூட ஒட்டவில்லை. அப்படியே தலையைத் திருப்பினால், அந்தப் பக்கம் தன் ஜீப்புக்கு அடியில் பல் டாக்டர் மல்லாந்து கிடந்தார்.

அவரும் இந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சார்... சாவி விழுந்துடுச்சு" என்றார் பல் டாக்டர்.

"எனக்கும்."

"உங்களுது புது ஹோஸ் மாதிரி இருக்கே?"

"நீங்க மாத்திட்டீங்கன்னு கேள்விப்பட்டு..."

"நானா? நீங்க மாத்திட்டீங்கன்னு சொன்னதாலதானே சார் நான் ஓடிப்போய் மாத்தினேன்! முன்னாடி இருந்தது மிதிச்சா உப்பும்."

"தவளை மாதிரியா?"

"தவளையேதான்."

"யாரு சொன்னது, நான் மாத்திட்டேன்னு?"

"என் வீட்டுல."

சர்வேயருக்கு மெல்ல வெளிச்சம் வந்தது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இரண்டு ஜோடிச் செருப்புகள் வந்து நின்றன. மனைவி குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"பார்த்தாச்சுன்னா ரெண்டு பேரும் வெளிய வாங்க. இருட்டறதுக்குள்ள ஏறி இறங்கிடணும். ரெண்டு வண்டியிலயும் ஹெட்லைட் மட்டச் சரக்கு; அதுக்கு எந்த வீட்டுல முதல்ல பேச்சை எடுக்கறதுன்னு நானும் அக்காவும் இன்னும் முடிவு பண்ணலை."