மாம்பூ வாசமும் மட்டன் எலும்பும்

நான் இயற்கையை ரசிப்பவன் அல்ல. காதலித்த பெண்ணின் அப்பா ரசிப்பவராக இருந்ததால், ஒரே ஒரு மாலை மட்டும் ரசிப்பவனாக இருந்து பார்த்தேன். அதற்கான தண்டனையை இன்றுவரை தவணை முறையில் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெசிந்தா என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா, நகரத்துக்கு வெளியே ஆனேக்கல் தாண்டி ஒரு தோட்டம் வாங்கி, மனைவியோடும் மேஜர் என்ற நாட்டு நாயோடும் அங்கேயே போய்விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து அவரைப் பார்க்கும்படி ஜெசிந்தா சொன்னாள். அவருக்கு என்னைப் பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் அவரை மீறி வர மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். "வரும்போது ஏதாவது பழம் வாங்கிட்டு வா" என்றாள்.

எனக்கு ஊர் ஆம்பூர். ஆம்பூர்க்காரன் பெண் கேட்டுப் போகும்போது பழத்தோடு போனால் ஊர் மானம் என்ன ஆவது? அடுகோடியில் என் அறைக்குக் கீழேயே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பிரியாணிக் கடை வைத்திருந்தார். ஒரு பக்கெட் மட்டன் பிரியாணி வாங்கி, துணிப்பைக்குள் வைத்து, அன்றைக்கென்று வாங்கிய கிரீம் கலர் பேன்ட்டில் மசாலா படாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். (அந்த வாரம் முழுக்க ஜெசிந்தா கேன்டீனில் தயிர்சாதமே சாப்பிட்டாள். நான் அதை டயட் என்று நினைத்தேன். மூளை என்று ஒன்று இருந்தால்தானே.)

கேட்டைத் திறந்ததும் மேஜர் வந்து பையை மோந்து பார்த்துவிட்டு, காலம்காலமாகப் பழகியவன் போல என்னோடு நடந்தான். ஜெசிந்தாவின் அப்பா எதிரே வந்தார். மெல்லிய குரல், மெதுவான நடை. வீட்டுக்குள் கூப்பிடாமல் நேராகத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். புங்கமரம் பழைய இலைகளைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று துளிர்த்திருந்தது. வேம்பின் நுனியில் செம்பு நிறத்தில் கொழுந்து. எங்கோ ஒரு குயில் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது. "நேத்துத்தான் ஆரம்பிச்சுது. இன்னும் சுருதி சேரலை" என்றார். மாமரத்தடியில் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, "வாசனை வருதா தம்பி?" என்று கேட்டார். எனக்கு வந்தது. பட்டை, கிராம்பு, ஏலக்காய்.

அப்போது ஜெசிந்தாவின் அம்மா மோர் கொண்டுவந்தார். சாயந்திரம் கஞ்சியும் துவையலும்தான், தவக்காலம் தொடங்கிவிட்டதால் ஈஸ்டர்வரை வீட்டில் கவுச்சி வாசனையே கூடாது, அதிலும் வெள்ளிக்கிழமையென்றால் அவர் ரொம்பக் கண்டிப்பு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பையைப் பிடித்திருந்த என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

அவர்கள் வீட்டுக்குள் போனதும், போன் பேசவேண்டும் என்று சொல்லி நான் பின்தங்கினேன். மாமரத்தடியில் தண்ணீர் ஊற்றும் பக்கெட்டுகள் கிடந்தன. பையை உருவிவிட்டு என் பக்கெட்டையும் அவற்றோடு வைத்தேன். பக்கெட்டோடு பக்கெட். இப்படி ஒரு யோசனை வந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டு, பக்கத்திலிருந்த கல்பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்தேன்.

அங்கேதான் அந்தத் தோட்டம் என்னைக் கவிழ்த்தது. காற்று வந்தபோதெல்லாம் மாம்பூ பொடிப்பொடியாகச் சட்டையில் உதிர்ந்தது. தேனீக்களின் ரீங்காரம் தூரத்தில் யாரோ தறி ஓட்டுவது போலக் கேட்டது. வெயில் இலைகளுக்குள் புகுந்து மஞ்சளாகக் காலடியில் ஆடியது. குயில் ஒருமுறை கூவி, யோசித்து, மறுபடி கூவியது. ஜெசிந்தாவும் நானும் தலை நரைத்து இதே பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடிப்பது போலத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே தூங்கிப்போனேன்.

ஜெபத்துக்கு அழைக்கும் மணிச் சத்தம் கேட்டு விழித்தேன். பக்கெட் கவிழ்ந்து காலியாகக் கிடந்தது. பக்கத்தில் புதிதாகத் தோண்டிய மண். மேஜர் மூக்கில் ஒரு பருக்கை. எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. தடயத்தையே தின்றுவிட்டானே, புண்ணியவான்.

தவக்கால வெள்ளிகளில் கோயில்களில் சிலுவைப்பாதை நடக்கும். இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளாக நினைத்து, ஒவ்வொன்றிலும் முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். ஜெசிந்தாவின் அப்பா அதைத் தன் தோட்டத்திலேயே வைத்திருந்தார். நிலைக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு சின்ன மரச்சிலுவை. நான் தூங்கியபோது வந்துசேர்ந்திருந்த ஜெசிந்தாவோடு நானும் பக்தியோடு சேர்ந்துகொண்டேன்.

முதல் மரம் கொய்யா. எல்லாரும் முழங்காலிட்டோம். கண் மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அவர் எதிரே மேஜர் ஓர் எலும்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டே மாமரத்துக்கு ஓடினான். நான் கையை நீட்டி அதை எடுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டேன். அடுத்தது சப்போட்டா. இன்னொரு எலும்பு. மறுபடி பாக்கெட். புதைத்து வைத்திருந்ததையெல்லாம் தோண்டித் தோண்டி, எஜமானுக்கு மரத்துக்கு ஒன்றாகக் காணிக்கை செலுத்தினான். "போடா" என்று பல்லைக் கடித்தேன். (அவனுக்குக் கன்னடம்தான் புரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.) பாதி வழியில் இரண்டு பாக்கெட்டும் புடைத்து, கிரீம் கலரில் எண்ணெய் பரவ ஆரம்பித்தது. ஜெசிந்தா என் பேன்ட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

கடைசி நிலை மாமரம். ஜெபம் முடிந்தது. மேஜர் என் பாக்கெட்டில் மூக்கை வைத்தபடி நின்றான்.

"தம்பி, பாக்கெட்ல இருக்கறதை எடுத்து வெளிய வை" என்றார் அவர்.

கல்பெஞ்சில் ஒவ்வொன்றாக வைத்தேன். அவற்றின்மேல் மாம்பூ உதிர்ந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். "தவக்காலம்னு தெரியாது அங்கிள். நல்ல பேர் வாங்கணும்னு கொண்டு வந்தேன்" என்றேன்.

அவர் எலும்புகளையும் பேன்ட்டையும் வெகுநேரம் பார்த்தார். "கோயில்ல தூங்கறவங்களைப் பாத்திருக்கேன். முழங்கால் போட்டுக்கிட்டு எலும்பு பொறுக்கறவனை இன்னைக்குத்தான் பாக்கறேன். ஒரு மரத்தைக்கூட விடலையேப்பா நீ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆம்பூரா?" என்றார்.

தலையாட்டினேன். அவர் மறுபடியும் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். இந்தமுறை மாம்பூவுக்காக இல்லை.

"ஈஸ்டருக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா. பக்கெட்டும் வரட்டும்."

மேஜருக்கு இப்போது வயதாகிவிட்டது. பந்து போட்டால்கூட எழுந்திருப்பதில்லை. ஆனால் மாமரம் பூத்து வாசம் கிளம்பியதும் மெல்ல நடந்து போய், அதே இடத்தில் மண்ணைத் தோண்டத் தொடங்கிவிடுகிறான். வசந்தம் வந்ததற்கு என் மாமனாருக்கு அதுதான் முதல் அடையாளம்; புங்கந்துளிரும் குயிலும் இப்போது இரண்டாம்பட்சம். போன வாரம் மீட்டிங்கில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. "மாப்பிள்ளை, மேஜர் தோண்ட ஆரம்பிச்சுட்டான். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வாங்க. பாக்கெட் இல்லாத பேன்ட்டாப் போட்டுக்கிட்டு வாங்க."