எரிபொருள் செலவு: பூஜ்யம்

'சும்மா கிடக்கிறதே' என்று வயிறெரிகிற மனிதர்கள் ஓர் இனம். காலிமனை, பழைய மோட்டார், வேலையில்லாத மைத்துனர் என்று எதைப் பார்த்தாலும் இவர்களுக்குக் கை அரிக்கும். சுயநலமா? சேச்சே! முழுக்க முழுக்கப் பரோபகாரம்.

எங்கள் தெருவில் இருக்கும் இந்த இனத்தவர் ஓர் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. மூடிப்போன காகித ஆலையைத் தாண்டி தினமும் நடக்கப் போகிறவர், ஒருநாள் அதன் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டார். போதாதா? உள்ளே பாய்லர் இருக்கிறது, சுற்றிலும் வயல்களில் சோளத்தட்டையை வீணாய்க் கொளுத்துகிறார்கள், அதைக் கொண்டுவந்து இங்கே கொளுத்தினால் மின்சாரம், மின்சாரத்தை விற்றால் வருமானம், வருமானம் வந்தால் வேலை போன நாற்பது பேருக்கும் மறுபடி சம்பளம் என்று கரண்ட் பில்லின் பின்பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டு, எரிபொருள் செலவுக்கு நேராகக் கம்பீரமாய் ஒரு பூஜ்யம் வைத்தார்.

அந்தப் பூஜ்யத்தை நம்பியவர் ஆலையின் பழைய பாய்லர் மேஸ்திரி. வெளியூரில் கிடைத்த வேலையைக்கூட வேண்டாமென்று எழுத உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவிதான் தடுத்தாள்.

"முதல்ல வயல்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

குப்பைக்கு யாராவது அனுமதி கேட்பார்களா? ஆனாலும் அந்த அம்மாளின் வாய்க்குப் பயந்து இருவரும் போனார்கள். விவசாயி தீப்பெட்டியும் கையுமாக நின்றிருந்தார்.

"இந்தத் தட்டையை நாங்க எடுத்துக்கலாமா?"

"தாராளமா. எனக்கும் தொல்லை விட்டுது. ஆமா, எதுக்கு?"

"கரண்ட் எடுக்கத்தான்!"

விவசாயி தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அப்படியா? டன்னுக்கு எவ்வளவு தருவீங்க?"

பிறகு லாரிக்காரர் வாடகை சொன்னார். நனைந்த தட்டை எரியாது, கூரை போடவேண்டும் என்று மேஸ்திரியே தயங்கித் தயங்கிச் சொன்னார். பூஜ்யத்துக்கு முன்னால் ஒவ்வோர் இலக்கமாக வந்து உட்கார்ந்தது. கடைசியில், மின்சாரமாக்கி விற்பதைவிடத் தட்டையாகவே விற்றால் லாபம் என்று கணக்கு முடிந்தது.

மேஸ்திரி வெளியூருக்குக் கிளம்பினார். பஸ் நிலையத்தில் நம்மவருக்குக் கண் கலங்கியது நிஜம்.

"உங்களை வீணா நம்ப வச்சுட்டேனே."

"விடுங்க சார். ஆலை மூடினதுக்கப்புறம் எங்களைப் பத்தி நினைச்ச ஒரே ஆளு நீங்கதான்."

பஸ் போய்விட்டது. அவர் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால், வாசித்துக்கொண்டு வரும்போதே, 'தட்டைக்குப் பதில் மரத்தூள் போட்டிருந்தால் கட்டுப்படியாகியிருக்குமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து எங்கள் தெருப்பக்கம் வந்துவிடாதீர்கள். இப்போதைக்கு இங்கே ஒருவர்தான். நீங்களும் சேர்ந்தால் அது கமிட்டி.