இரண்டு ஜாக்கும் ஓர் உறுதிக் கடிதமும்

பிறருடைய படிவங்களைப் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுப்பவன் தன் வாழ்க்கையையும் அப்படித்தான் வைத்திருப்பான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஏறக்குறைய ஓய்வு பெறும் வயதுவரை நானும் அதை நம்பியிருந்தேன்.

பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு பெண் வழக்கறிஞரின் அலுவலகத்தில் எனக்கு வேலை. லா சப்பலில் மரக்கறி வாங்க வரும் நம்மவர்கள் அப்படியே ஒரு எட்டு நடந்து, பையில் முருங்கைக்காயும் கையில் பிரெஞ்சுக் கடிதமுமாக என் மேசைக்கு வருவார்கள். வதிவிட அட்டை, குடியுரிமை, குடும்ப இணைவு என்று எதைக் கேட்டாலும் எத்தனை நகல், எந்தப் புகைப்படத்தில் காது தெரிய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிரெஃபெக்சர் என்ற அரசு அலுவலகத்தில் எந்தக் கவுண்டரில் சிரிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்பதுகூடத் தெரியும். (ஒருவர்தான். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை.)

இப்படிப்பட்ட மனிதன் இணையத்தில் போக்கர் விளையாடினான்.

குற்றம் முந்நூற்றிநாலு என்ற விளையாட்டில்தான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அதை விளையாடிப் பழகியவனுக்கு உலகத்தில் எந்தச் சீட்டு விளையாட்டும் கைவந்தது என்ற எண்ணம் இருக்கும். எனக்கு அந்த எண்ணம் பட்டதாரிக்குரிய அளவில் இருந்தது. தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் முந்நூற்றிநாலில் ராசாவும் ராணியும் சின்ன ஆட்கள், எல்லோருக்கும் மேலே இருப்பது ஜாக். போக்கரில் அப்படியில்லை என்பது என் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

வேலை மூச்சு விடாத வேலை. தொலைபேசி, வரிசை, மறுபடி தொலைபேசி. அதனால் விளையாட்டை ஒழுங்குபடுத்த ஒரு கொப்பியில் விதிகள் எழுதினேன். மதிய இடைவேளையில் மட்டும் விளையாடலாம். வாடிக்கையாளர் எதிரே இருந்தால் போன் முகம் கவிழ்ந்து கிடக்க வேண்டும். மற்ற நேரங்களில் விளையாட எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். விண்ணப்பிப்பவனும் நானே, பரிசீலிப்பவனும் நானே. ஆனால் சலுகை காட்டியதில்லை. தேதி போடவில்லை என்று ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தும் இருக்கிறேன். (மறுநாள் தேதி போட்டுக் கொண்டுவந்தான். பாவம் என்று விட்டுவிட்டேன்.)

வீட்டில் என் மனைவி ரெஜினாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் கட்டித் தந்த மதியச் சாப்பாடு அடிக்கடி அப்படியே திரும்பி வந்தது. "உங்களைச் சாப்பிடக்கூட விடாமல் வேலை வாங்கினமே, பாவியள்" என்று அவள் சொல்வாள். நான் மறுத்ததில்லை.

அன்ரன் வந்தது அந்தக் காலத்தில்தான். மன்னார்ப் பையன், முப்பது வயதிருக்கும், வில்லியே லே பெல்லில் இருந்து தினமும் ரயிலேறி வந்து ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தான். ஊரில் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. தேவாலயத்தில் கல்யாணத்தை அறிவிக்கும் மூன்று ஓலையில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், கல்யாணத்துக்கு முந்தின கிழமை அவனுடைய வதிவிட அட்டை காலாவதியாகிறது. புதுப்பிக்கக் கொடுத்து அதற்கான தற்காலிகச் சீட்டை வாங்காமல் புறப்பட்டால், திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள். புதுப்பிக்கக் கொடுக்க, இணையத்தில் ஒரு சந்திப்பு நேரம் பிடிக்க வேண்டும். அந்த நேரங்கள் காலை பத்து மணிக்குத் திறக்கும். பல் துலக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

"அண்ணை, நேரம் எடுக்கேலாமல் போனால் என்ன செய்யிறது?" என்றான் அன்ரன்.

"தம்பி, நான் இருபத்தாறு வருசமாய் இந்தக் கதிரையிலை இருக்கிறன்."

"இல்லை அண்ணை, ஒரு பயத்திலை கேட்டனான்."

"பயம் உனக்கு எதுக்கு? பயத்துக்குத்தான் என்னை வைச்சிருக்கு."

(இந்த வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.)

குறித்த நாள் காலை பத்து மணி. கணினியில் பிரெஃபெக்சரின் பக்கம். பக்கத்தில், முறையாக அனுமதி பெற்று, போனில் ஒரு போக்கர் போட்டி. நூற்றுக்கணக்கானோர் தொடங்கி ஒன்பது பேர் மிஞ்சிய மேசையில் நான் இருந்தேன். அந்த உயரத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. பத்தடித்ததும் கணினியில் சொடுக்கினேன். கிடைத்துவிட்டது! உடனே அன்ரனை அழைத்தேன்.

"கிடைச்சிட்டுது தம்பி. போய் ரிக்கெற்றைப் போடு."

"உண்மையாகவோ அண்ணை?"

"வேலை முடிஞ்சுது எண்டு சொல்லுறன்."

வேலை முடியவில்லை. முடியாது என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் பாரிஸில் இல்லை. நேரத்தைப் பிடித்ததும் ஒரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பை அரை மணி நேரத்துக்குள் அழுத்தி உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். "நேரம் பிடிக்கிறது பாதி வேலைதான், உறுதிப்படுத்தினால்தான் முழு வேலை" என்று சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

அந்த மின்னஞ்சல் வந்த நேரம் என் போனில் சீட்டு விழுந்தது. இரண்டு ஜாக்.

முந்நூற்றிநாலு கைக்குள் புகுந்துவிட்டது. இரண்டு ஜாக்கைக் கண்டால் யாழ்ப்பாணத்தான் எழுந்து நிற்பான். நானும் எழுந்து நின்றேன். எதிரே ஒருவன் பந்தயத்தை ஏற்ற, நான் ஏற்ற, அவன் மறுபடி ஏற்ற, என்னிடம் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினேன். அவன் சீட்டைத் திருப்பினான். இரண்டு ராணி. முந்நூற்றிநாலில் தூசு. போக்கரில் நான் முடிந்தேன்.

துக்கம் தாங்காமல் கீழே போய்க் கோப்பி குடித்தேன். அந்த ராணிகளைப் பற்றி யோசித்தேன். இன்னொரு கோப்பி குடித்தேன். மேலே வந்து கணினியைப் பார்த்தபோது இரண்டாவது மின்னஞ்சல் காத்திருந்தது: உறுதிப்படுத்தாத காரணத்தால் உங்கள் நேரம் விடுவிக்கப்பட்டது.

அடுத்த மூன்று வேலை நாளும் காலை பத்து மணிக்குப் பாய்ந்து பாய்ந்து சொடுக்கினேன். ஒன்றும் அகப்படவில்லை. அன்ரன் தினமும் அழைத்தான். "அந்தச் சந்திப்புக் கடுதாசியை அனுப்பி விடுங்கோ அண்ணை." முதல் நாள் பிரின்ரர் பழுது என்றேன். இரண்டாம் நாள் மை முடிந்தது என்றேன். மூன்றாம் நாள் கடுதாசியே முடிந்தது என்றேன். நான்காம் நாள், ஒரு வியாழக்கிழமை, ஒரு பெட்டி லட்டுடனும் கல்யாண அழைப்பிதழுடனும் ஒரு கட்டு வெள்ளைக் கடுதாசியுடனும் நேரில் வந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மெத்ர் தன் அறையிலிருந்து வந்தார். (பிரான்சில் வழக்கறிஞரை அப்படித்தான் அழைக்க வேண்டும், மேடம் என்றால் முகம் மாறும்.) லட்டைப் பார்த்தார். கடுதாசிக் கட்டைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?" என்றார் பிரெஞ்சில்.

"ஒன்றுமில்லை, மெத்ர்."

"உங்கள் முகம் கண்ணாடி போட்ட கடை மாதிரி. உள்ளே இருக்கிற எல்லாம் வீதிக்குத் தெரிகிறது."

முகம் தெரியாத விளையாட்டில் மட்டும் நான் அந்த உயரத்துக்கு எப்படிப் போனேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்ரனுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். லட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப மூண்டாம் ஓலையை நிப்பாட்டச் சொல்லவோ அண்ணை?" என்று மட்டும் கேட்டான்.

மெத்ர் வாசலைக் காட்டினார். "இருவரும் போங்கள். தீராமல் திரும்பி வராதீர்கள்."

வியாழக்கிழமை. சிரிக்கத் தெரிந்தவர் இல்லாத நாள். பிரெஃபெக்சரில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, சிரிக்காத ஒரு பெண்மணியின் முன்னால் போய் நின்றோம்.

"ஏன் உறுதிப்படுத்தவில்லை? எங்கள் தளத்தில் பழுதா?"

"ஆம்" என்றால் முடிந்தது. எல்லோரும் சொல்வது அதுதான்.

"பழுது என்றால், காரணத்தைக் கௌரவத்தின் பேரில் ஓர் உறுதிக் கடிதமாக எழுதிக் கையெழுத்திடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார்.

ஆயிரக்கணக்கில் நான் எழுதிக் கொடுத்த கடிதம் அது. அதில் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும்: பொய்யான தகவல் தந்தால் தண்டனைக்கு உள்ளாவேன் என்பதை அறிவேன். பழக்க தோஷத்தில் அதையே முதலில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகு அதன் மேலே பொய்யை எழுதக் கை மறுத்தது. அதே கைதான், அன்றைக்கு மட்டும் புத்தியாக இருந்தது.

எழுதினேன்: "கீழே கையொப்பமிடும் நான், குறித்த நாளன்று காலை, என் வாடிக்கையாளரின் சந்திப்பை உறுதிப்படுத்த வேண்டிய அரை மணி நேரத்தில், அலுவலகத்திலிருந்தபடி இணையத்தில் போக்கர் விளையாடிக்கொண்டிருந்தேன் என்றும், என் கையில் இரண்டு ஜாக் இருந்தன என்றும், இதில் என் வாடிக்கையாளருக்கு எந்தப் பங்கும் இல்லை என்றும் என் கௌரவத்தின் பேரில் உறுதியளிக்கிறேன்."

பெண்மணி வாசித்தார். மறுபடி வாசித்தார். பின்னால் திரும்பி ஓர் அதிகாரியை அழைத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"எதிராளியிடம் என்ன இருந்தது?"

"இரண்டு ராணி, ஐயா."

"எல்லாவற்றையும் போட்டீர்களா?"

"போட்டேன், ஐயா."

"ஒன்பது பேர் மேசையில், ஜாக் இரண்டை நம்பியா?" அரசாங்கத்தின் சார்பில் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அந்த இளைஞருக்கு ஒரு நேரம் கொடுங்கள். இவரோடு இருப்பதே அவருக்குப் போதுமான தண்டனை."

செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கிடைத்தது. சிரிக்காத பெண்மணி சிரிக்கவும் செய்தார். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் என் போனுக்கு வந்தபோது அன்ரன் என் கையிலிருந்து போனை வாங்கி, தானே அழுத்திவிட்டுத் திருப்பித் தந்தான்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. தற்காலிகச் சீட்டோடு அன்ரன் பறந்தான். எந்தக் கோப்பிலும் வாடிக்கையாளருக்கு ஒரு நகல் கொடுப்பது என் வழக்கம். உறுதிக் கடிதத்திலும் ஒன்று கொடுத்திருந்தேன். அதை அவன் மன்னாருக்குக் கொண்டுபோவான் என்றோ, கல்யாண மண்டபத்தில் தோழன் அதைத் தமிழாக்கி மைக்கில் வாசிப்பான் என்றோ, அந்த வீடியோவை நன்றியோடு எங்கள் வீட்டு முகவரிக்கே அனுப்புவான் என்றோ எந்த ஒழுங்குவிதியும் எனக்குச் சொல்லவில்லை.

ரெஜினா கதிரை நுனியில் இருந்து பார்த்தாள். வாசித்து முடிந்து மண்டபம் சிரித்து ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் கட்டித் தந்த புட்டு ஏன் திரும்பி வந்ததெண்டு இப்பதான் விளங்குது."

போக்கர் கணக்கை அன்றே மூடினேன். (மூடுவதற்கும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்தது. ரெஜினா அழுத்தினாள்.) அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எனக்கு எந்த வேலை சொன்னாலும், செய்து முடித்தேனா என்று யாரும் கேட்பதில்லை, உறுதிப்படுத்தினேனா என்றுதான் கேட்கிறார்கள். கறிக்கு உப்புப் போட்டாலும் அதே கேள்விதான்.

போன மாதம் எங்கள் முப்பத்தைந்தாவது திருமண நாளுக்குத் தேவாலயத்தில் பூசை வைத்தோம். அன்ரனும் மனைவியும் பின்வரிசையில் இருந்தார்கள். சுவாமியார் எங்களை முன்னால் அழைத்து, இந்தப் பெண்ணை இன்னும் உன் மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். என் கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது; பழக்கம்தான், வேறொன்றுமில்லை. ரெஜினா என் பக்கம் சாய்ந்தாள். சுவாமியாரின் மைக் திறந்திருப்பது அவளுக்குத் தெரியாது என்கிறாள், நான் நம்பவில்லை.

"கெதியாய் உறுதிப்படுத்துங்கோ. நேரம் முடிஞ்சால் வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம்."