டோக்கன் இல்லாத பை

ஒரு திருடனைப் பற்றி இருபத்துநாலு மணி நேரமும் கவலைப்பட்ட மனிதர் உலகத்திலேயே கன்னக்கோல் அண்ணன் ஒருவராகத்தான் இருக்க முடியும். திருடன் என்றால் ஆள் அல்ல, டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அண்ணன் சித்தூர் சர்ச் தெருக்காரர், திருப்பதி ஹாஸ்டலில் என் அறைத்தோழர், ஐந்து வருடமாக ஆராய்ச்சி. அவருடைய நிஜப் பெயரை வார்டனே மறந்துவிட்டிருந்தார்.

மெஸ்ஸில் பொங்கலைத் தொட்டதும் ஆரம்பித்துவிடுவார்.

“இன்னொருத்தன் வூட்ல பூந்துதான்டா அது பொழைக்கணும். செவுத்துல ஓட்டை போட அதுக்குக் கன்னக்கோல் வேணும் இல்ல? அனுமார் கையில இருக்கற கதை மாதிரி குட்டிக்குட்டிப் பைங்க, உள்ள சாமான். அம்மாக்காரி உள்ள ரெண்டு குட்டி உருவாவும்போதே, ஒவ்வொண்ணும் தனக்குன்னு புதுசா செஞ்சிக்குது.”

“மொதல்ல துன்னுண்ணா, ஆறிப் போவுது,” என்பேன்.

ஒருமுறை ஹாஸ்டல் வாளிகளில் எல்லாம் சீட்டு ஒட்டி, சீட்டைப் பார்த்து எது எந்த அறைக்குப் போய்ச் சேருகிறது என்று பரீட்சை நடத்தினார். ஒரு வாரம் வார்டன் வாளியில் குளித்த பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அவருடைய சிக்கலும் அதேதான். சாமான் தயாராகும் இடம் வேறு, பை இருக்கும் இடம் வேறு. நடுவில் ஒரு புரதம் கூலியாள் மாதிரி, அடையாளம் பார்த்து எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும். அண்ணன் அந்தக் கூலியாளை நிறுத்திப் பார்த்தார். கன்னக்கோல் உருவாகவில்லை, திருடனால் எந்த வீட்டுக்குள்ளும் புக முடியவில்லை. அப்படியானால் தயாரான சாமான் எங்கே போயிற்று? ஒட்டுண்ணிக்குள் மூன்று மாதம் தேடியும் காணோம். வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால் பதில் சொல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், ஆராய்ச்சியும் அத்தோடு முடிந்தது. மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் எனக்கு மொட்டை வேண்டுதல். திருமலை அடிவாரம் அலிபிரியில் பையைக் கொடுத்தால் டோக்கன் கட்டி வண்டியில் மலைக்கு அனுப்பிவிடுவார்கள். நாம் கைவீசி நடக்கலாம். “நீ நட, பைய நா குடுக்கறேன்,” என்றார் வழியனுப்ப வந்த அண்ணன்.

மேலே மொட்டை போட்டு, குளித்து, ஈர வேட்டியோடு போனால் எல்லோருடைய பையும் வந்திருந்தது, என்னுடையது மட்டும் இல்லை. போன் போட்டேன்.

“அண்ணா, என் பை வரல.”

“வரலியா? ரொம்ப சந்தோஷம்.”

“இன்னா சந்தோஷம்? ஈரத் துணியோட நின்னுக்கினு இருக்கறேன்.”

“உன் டோக்கனை நாந்தான்டா அவுத்தேன். எங்க போவுதுன்னு இங்கயே நின்னு பாத்துக்கினு இருக்கறேன். கவுன்டர்காரர் ‘டோக்கன் லேதா? பயட பெட்டு’ன்னாரு. கதவுக்கு வெளிய வெச்சிட்டாங்கடா. கூலியாள் எடுக்காத சாமான் வெளியதான் போவும், நா மூணு மாசமா உள்ளயே தேடிக்கினு இருந்திருக்கறேன்.”

திட்ட வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

அடுத்த பஸ்ஸில் என் பையோடு மலைக்கு வந்தார். தன் துண்டால் என் மொட்டையைத் துவட்டி, “மன்னிச்சிக்க நைனா,” என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே லேபுக்கு ஓடினார். பழைய ஸ்லைடுகளையே மறுபடி பார்த்தாராம். ஒட்டுண்ணியைச் சுற்றி வெறும் அழுக்கு என்று அவர் ஒதுக்கிவைத்திருந்தது அத்தனையும் வெளியே கொட்டிக் கிடந்த சாமான்.

வெள்ளிக்கிழமை அவர் திரையில் காட்டிய முதல் படம், அலிபிரி வெயிலில் அநாதையாக உட்கார்ந்திருந்த என் காக்கிப் பை. கமிட்டி சிரித்துவிட்டு உதவித்தொகையை நீட்டித்தது.

அண்ணன் இப்போது எங்கோ வெளிநாட்டு லேபில் இருக்கிறார். நான் சித்தூரில் ஒரு பேங்கில். அந்தப் பைக்கு ஜிப் போய்விட்டது, ஒரு தோள்வாரை எலி கடித்துவிட்டது. “இத்த எப்பதான் வெளிய போடப் போற?” என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

எனக்கு மனசு வரவில்லை. ஒருமுறை வெளியே இருந்தது போதும்.